ஏறும்போது காலி

மாயவனுடைய பிக்கப் வண்டி மலைக்குக் காலியாக ஏறியது என்று எவனாவது சொன்னால், அந்த மகராசன் ஒரு நாள்கூடக் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்திருக்க மாட்டான். மாட்டுத் தீவனம், சிமெண்டு மூட்டை, கேஸ் சிலிண்டர், கோழிக்குஞ்சுக் கூடை, பெரியாஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பும் பெண், அவளுக்குத் துணைக்கு வந்த மாமியார், மாமியாருக்குத் துணைக்கு வந்த நாத்தனார் என்று எல்லாம் ஏறி, கடைசியில் டிரைவர் உட்கார இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது கிளம்பும். ஆனால் கம்பெனிக் கணக்கில் அது காலி வண்டி. அப்படிச் சொன்னவன் வேறு எவனும் இல்லை, மாயவனேதான். கேட்ட பெண்ணின் முகத்தைப் பார்த்து, தன் வாயால், தெளிவாகச் சொன்னான். இதை நினைத்து இன்றைக்கும் அவனுக்கு வயிறு எரிகிறது.

கம்பெனி என்றால் சென்னைக் கம்பெனி. சாமை, தினை, வரகு எல்லாவற்றையும் பச்சை இலை போட்ட பாக்கெட்டில் அடைத்து ஊருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறவர்கள். கள்ளக்குறிச்சியில் அவர்களுக்கு ஒரு குடோன் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து சாமையை இறக்கிக்கொண்டு வர மாயவன் தன் சொந்த வண்டியை அந்தக் குடோனுக்கு ஒப்பந்தத்தில் விட்டிருந்தான். அவன் ஓட்டத்தில் கடைசி ஊர் மேல்வாழைக்குழி. பஸ் வெள்ளிமலையோடு நின்றுவிடும். அதற்கப்பால் மண் பாதை, இரண்டு ஓடை, அப்புறம்தான் ஊர். அங்கே போகிற நாலு சக்கர வண்டி மாயவனுடையது ஒன்றுதான்.

வெளிச் சரக்கு ஏற்றக் கூடாது என்றது ஒப்பந்தம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்றது சட்டம். இரண்டும் சரிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் மலை ஓட்டுகிற டிரைவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிற சரக்குக்குத்தான் வாடகை. ஏறுகிற சனத்திடம் காசுக்குக் கை நீட்டினால் அந்த டிரைவரை மற்ற டிரைவர்களே மதிக்க மாட்டார்கள். டீசல் கம்பெனி போட்டது, வண்டி எப்படியும் மேலே போய்த்தான் ஆக வேண்டும், ஏறுகிறவர்கள் ஏறிக்கொள்ளட்டுமே. சனமும் சும்மா விடாது. அவரைக்காயையோ ஒரு பலாப்பழத்தையோ சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு இறங்கிப் போகும். அடிவாரத்துச் செக்போஸ்ட் வருவதற்கு முன்னால் ஆட்கள் எல்லாரும் இறங்கி, வேடிக்கை பார்க்கிறவர்களைப்போல் நடந்து தாண்டிப் போய், முதல் வளைவில் மறுபடி ஏறிக்கொள்வார்கள். அதுவும் வழக்கம்தான்.

மாயவனுக்கு மட்டும் அந்த ஓட்டத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. அவன் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்துக்காரன். அவனுடைய தம்பி அய்யனார் மூட்டை தூக்கிப் பிழைத்தவன். இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜூனில் அந்த விஷச் சாராயம் தெருத்தெருவாக ஆளை வாரிக்கொண்டு போனதே, அதில் அய்யனாரும் போனான். "அண்ணா, லைட்ட போடுடா, ஒண்ணுமே தெரியல" என்று பட்டப்பகலில் கேட்டான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. அன்றிலிருந்து சாராயம் என்ற சொல்லைக் கேட்டாலே மாயவன் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவான்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் கம்பெனி மலை ஓட்டத்தை அவனுக்குக் கொடுத்தது. மேல்வாழைக்குழி காலங்காலமாகச் சாராய ஊறல் போட்டுக் காய்ச்சின ஊர் என்று தெரிந்ததும் அவன் முதல் நாள் வண்டியைவிட்டே இறங்கவில்லை. கருணாபுரத்தில் குடித்தது ஏதோ கெமிக்கல், மலையில் காய்ச்சியது இல்லை என்று போலீசும் பேப்பரும் சொன்னதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. வீட்டு வாசலில் சாமை மூட்டையோடு நின்ற செங்கம்மாள்தான் அவனிடம் நேராகப் பேசினாள். அவளுடைய புருஷன் தர்மன் ஊறல் வழக்கில் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்து அப்போதுதான் ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஒன் தம்பி கதய கேள்விப்பட்டேன் தம்பி. எங்க சரக்குல அவரு சாவல. அதுக்குன்னு நாங்க யோக்கியம்னு சொல்ல வரல. சாமைய கீழ எறக்க வண்டி இல்லாமதான் இந்த வூட்ல அந்த அடுப்பு எரிஞ்சிது. நீ நிறுத்தாம வந்துக்கினு இரு. இனிமே இங்க அந்த அடுப்பு எரியாது. எம் பொண்ணு மீனா மேல சத்தியம்."

அவள் சொன்னபடியே நடந்தது. தர்மன் மட்டுமில்லை, ஊரே பேரல்களை உருட்டிக்கொண்டு போய் ஓடையில் போட்டது. மாயவன் வாரத்துக்கு வாரம் மேலே போனான். சாமை இறங்கியது, தீவனமும் மருந்தும் ஏறின, மீனா கள்ளக்குறிச்சியில் காலேஜில் சேர்ந்தாள். தம்பிக்குச் செய்ய வேண்டியதை இப்படிச் செய்கிறோம் என்று மாயவன் மனதுக்குள் வைத்துக்கொண்டான். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கமலாவுக்கு மட்டும் தெரியும்.

அடுத்த வருஷம் ஆடி மாதம் குடோனுக்குச் சுபஸ்ரீ வந்தாள். களமருதூர்ப் பெண், நெல்லு வயலில் வளர்ந்து பெரிய படிப்புப் படித்துவிட்டுக் கம்பெனியில் சேர்ந்தவள். எந்த வண்டி எவ்வளவு புகை விடுகிறது, ஒரு கிலோ சாமை கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு டீசலைக் குடிக்கிறது என்று கணக்கெடுப்பது அவள் வேலை. வெளிநாட்டில் வாங்குகிறவன் அந்தக் கணக்கைக் கேட்கிறானாம். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு நாள் கூடவே போய்ப் பார்க்கப்போகிறாள் என்று குடோன் மேனேஜர் அன்புச்செல்வன் சொன்னார்.

மாயவன் உடனே செங்கம்மாளுக்குப் போன் போட்டான்.

"யக்கா, நாளிக்கு கம்பெனி பொண்ணு கூட வருது. ஒருத்தரும் ஏறக் கூடாது. கையகூட காட்டாதீங்க. என்ன தெரியாத மாரி நில்லுங்க. எல்லாருக்கும் சொல்லிடு."

"அத நான் பாத்துக்கறேன் தம்பி. நீ பயப்படாத வா" என்றாள் செங்கம்மாள்.

அவள் பார்த்துக்கொண்ட அழகை என்னவென்று சொல்ல! மறுநாள் கச்சிராயபாளையத்தில் வண்டி திரும்பும்போது மேல்வாழைக்குழிச் சனம் அத்தனையும் அங்கேதான் நின்றது. தீவன மூட்டையை வைத்துக்கொண்டிருந்தவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மருந்துப் பையும் கையுமாக நின்ற செங்கம்மாள் ஏதோ கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அவள் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தவளே இல்லை. ஒரு கிழவர் மட்டும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கப்போனார். தர்மன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தான். வண்டி அவர்கள் முன்னால் வெறுமையாக, தடதடவென்று ஆடிக்கொண்டு போனது.

சுபஸ்ரீ ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "இவ்ளோ பேரு நிக்கறாங்களே, எங்கண்ணா போறாங்க?"

"பஸ்ஸுக்குங்க மேடம்."

"வெள்ளிமலைக்கு மேல பஸ்ஸே இல்லன்னாங்களே?"

"நடந்துடுவாங்க. மலைக்காரங்களுக்கு இதெல்லாம் ஒரு நடையா?"

மலை ஏறும்போது வண்டி முக்கியது, முனகியது. பின்னாலிருந்து கரும்புகை கிளம்பியது. மடியில் இருந்த டேப்லெட்டில் அந்தப் பெண் ஏதோ குறித்துக்கொண்டே வந்தாள். பிறகு மாயவன் பக்கம் திரும்பி, சூது எதுவும் இல்லாத குரலில் கேட்டாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. காலியா ஏறுறதுதான் எனக்குப் பெரிய தலவலியா இருக்கு. டீசல் எரியுது, ஆனா ஒரு கிலோகூட நகரல. அந்தப் புகை மொத்தமும் சாமை தலையில விழுது. ஊருக்குத் தேவையானது எதையாச்சும் ஏத்திக்கினு போனா, புகைய ரெண்டுக்கும் பிரிச்சு எழுதிடுவேன். எப்பவாச்சும் எதுனா ஏத்தறதுண்டா?"

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு உள்ளே வா என்கிறாள். இவனோ அது பொறி என்று நினைத்தான். அவன் நினைத்ததிலும் தப்பில்லை. போன மாதம்தான் ஒரு போக்குவரத்து ஆபீசர் வெளியூர் டிரைவர் ஒருவனிடம் டீ வாங்கிக் கொடுத்துத் தேனாகப் பேசி, ஆள் ஏற்றினதை ஒப்புக்கொள்ள வைத்து, அங்கேயே வண்டியை ஓரங்கட்டியிருந்தார். தேன் போலப் பேசுகிறவர்களைக் கண்டால் எந்த டிரைவருக்கும் பயம்தான்.

"அய்யய்யோ, ரூல்ஸ் இருக்குதே மேடம்! ஒரு குண்டூசி ஏத்த மாட்டேன். ஏறும்போது எப்பவும் காலிதான்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

சுபஸ்ரீ பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டாள். மாயவன் தப்பித்தோம் என்று ஸ்டியரிங்கைத் தட்டினான். அன்றைக்குச் சாயங்காலம் செங்கம்மாள் முதற்கொண்டு எல்லாரும் வெள்ளிமலையிலிருந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். தீவன மூட்டை சுமந்தவனுக்கு இரண்டு நாள் கழுத்து திரும்பவில்லை. அடுத்த வாரம் வண்டியில் ஏறியதும் அந்தக் கிழவரின் கையைத் தர்மன் இழுத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாயவனும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஊரே சேர்ந்து தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போது ஒருவருக்கும் தெரியாது.

ஐப்பசியில், சாமை அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால், குடோனில் கூட்டம் போட்டார்கள். வாசலில் பேனர் கட்டியிருந்தது. பந்தலுக்குக் கீழே வெள்ளையும் பச்சையுமாகப் புது பேட்டரி வண்டிகள் நின்றன. அன்புச்செல்வன் மைக்கைப் பிடித்து, இனி கம்பெனியின் சரக்கு டீசல் புகை படாமல் வரும் என்றார். மலைமேல் வண்டி ஏறாது. அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் ஒரு கொள்முதல் மையம். மலை விவசாயிகள் அங்கே கொண்டுவந்து கொடுத்தால் பேட்டரி வண்டி ஏற்றிக்கொள்ளும். எல்லா ஊர்க் கணக்கையும் அலசிப் பார்த்ததில் மேல்வாழைக்குழிச் சாமைக்குத்தான் கிலோவுக்கு அதிகப் புகையாம். காலி ஓட்டம்தான் காரணமாம். எல்லாரும் கை தட்டினார்கள்.

மலைச்சனம் அடிவாரம் வரைக்கும் எப்படிக் கொண்டுவரும்? அதை அவர்கள் தலையில் சுமக்கட்டும், இல்லை ஓட்டை லாரியைப் பிடித்து ஊரெல்லாம் புகை கக்கிக்கொண்டு வரட்டும், கம்பெனிக்கு என்ன? கம்பெனியின் கணக்கு அடிவாரத்தில்தான் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கும்.

மாயவனைக் கம்பெனி கைவிடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். புது பேட்டரி வண்டியில் தியாகதுருகம் பக்கத்து ஓட்டம் அவனுக்கு. சமதளம், நல்ல ரோடு, மாசச் சம்பளம். "உனக்குக் கஷ்டம் உட்டுது மாயவா" என்று மற்ற டிரைவர்கள் முதுகில் தட்டினார்கள்.

மறுநாள் காலையில் அவன் சுபஸ்ரீயின் மேஜை முன்னால் போய் நின்றான்.

"மேடம், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

ஒன்று விடாமல் சொன்னான். தீவனம், சிமெண்டு, சிலிண்டர், ஆள், செக்போஸ்டுக்கு முன்னால் இறங்கி ஏறுவது, அன்றைக்கு எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுப்பு எரிந்த கதையையும் செங்கம்மாளின் சத்தியத்தையும்கூடச் சொன்னான். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது.

"ஐயோ, ஏண்ணா! நான் அவ்ளோ கேட்டேனே! அத்தனை பேரும் தனித்தனியா ஆட்டோவும் வண்டியும் புடிச்சிருந்தா எவ்ளோ டீசல் எரிஞ்சிருக்கும்? இதவிட நல்ல ஓட்டம் கம்பெனியில எதுவுமே இல்லண்ணா. இத உதாரணமா காட்டி எழுதியிருப்பேனே!"

"இப்ப எழுதுங்க மேடம். உங்க கால்ல வேணும்னா வுழறேன்."

அவள் அவனை இழுத்துக்கொண்டு அன்புச்செல்வனின் அறைக்குப் போனாள். அன்புச்செல்வன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, இதுல நீ எதை எழுதப்போற? நம்ம ஒப்பந்த வண்டியில வருஷம் பூரா ஆள ஏத்தியிருக்கான்னா? இன்சூரன்ஸ்காரன் பாத்தா என்ன சொல்லுவான்? வாங்குற கம்பெனி பாத்தா? ஒரு வளைவுல வண்டி கவுந்திருந்தா இன்னிக்கு நாம எல்லாம் எங்க இருப்போம் தெரியுமா? முதல்ல இவன வீட்டுக்கு அனுப்பணும். அதையும் சேத்து எழுதட்டுமா?"

"சார், கணக்கு தப்புன்னு தெரிஞ்ச பிறகு..."

"கணக்கு தப்பில்ல. நீ வண்டியில போன. காலியாத்தான் போச்சு. பாத்ததைத்தான் எழுதின."

மாயவன் சுபஸ்ரீயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை, இன்னும் ஒரே ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் அன்றைக்கு அவளுடைய நல்ல மனசை வைத்துக்கொண்டு ஒரு மூட்டை சாமையைக்கூட நகர்த்த முடியவில்லை.

"நீ போய் வண்டிய எடு மாயவா. நான் எதையும் கேக்கல, நீயும் எதையும் சொல்லல" என்றார் அன்புச்செல்வன்.

அவன் வண்டியை எடுத்தான். சத்தமே இல்லாத வண்டி. தியாகதுருகம் ரோட்டில் அதை ஓட்டிக்கொண்டு போகும்போது, யாராவது கை காட்டுகிறார்களா என்று ரோட்டோரத்தையே பார்த்தான்.

சொந்த வண்டி கருணாபுரத்தில் வீட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்தான். ஆனால் இறங்குகிற சரக்குக்குக் கம்பெனி டீசல் போட்டதால்தானே ஏறுகிற சனம் சும்மா ஏறியது? இப்போது டீசல் அவன் கையிலிருந்து. ஒரு தடவை சாமையை இறக்கி மார்க்கெட்டில் ஒரு வியாபாரியிடம் காட்டினான். அவன் மூட்டையில் கையை விட்டு அள்ளிப் பார்த்து, "மலைச் சாமைய கம்பெனிதான எடுக்கும்? கம்பெனியே வேணாங்கிறத எங்கிட்ட கொண்டாற" என்று உதட்டைப் பிதுக்கினான். பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. ஊர்ச்சனம் டீசலுக்கென்று காசு திரட்டிக் கொடுத்தபோது மாயவன் வாங்கவில்லை. மானம் இடம் கொடுக்கவில்லை. வாங்கியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம்.

"இன்னாங்க, ஒங்க தம்பிக்காகத்தான் செய்றீங்க, தெரியுது" என்றாள் கமலா. "ஆனா வூட்ல இருக்கறதையெல்லாம் டீசல் டேங்க்ல ஊத்திக்கினு எத்தினி நாளைக்கு? எனக்கு ஒரு வழி சொல்லுங்க, நானே சாவிய எடுத்துக் குடுக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாவியைக் கேட்கவில்லை. செங்கம்மாள் போன் செய்யும்போதெல்லாம், "அடுத்த வாரம் வர்றேங்கா" என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். சாமை அறுத்தாச்சு தம்பி என்றாள். அடித்தாச்சு என்றாள். வெள்ளிமலை வரைக்கும் தலையில் தூக்கிப்போனால் பஸ்காரன் மூட்டையை ஏற்ற மாட்டேங்கிறான் என்றாள். மார்கழியில் அவளிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. மாயவனுக்கு அதுதான் பயமாக இருந்தது. ஆனாலும் அவனாக ஒரு போன் போடவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் பஸ் ஏறினான். வெள்ளிமலையில் இறங்கி நடந்தான். மண் பாதையில் புதுசாக டயர் தடம் கிடந்தது. தடத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரோ வண்டி விடுகிறார்கள், கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நடையை எட்டிப் போட்டான். இரண்டாவது ஓடையைத் தாண்டும்போது காற்று திரும்பியது. ஊறல் வாடை மூக்கில் ஏறியதும் அவன் கால் அங்கேயே நின்றுவிட்டது.

தர்மனின் வீட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றது. ஆத்தூர்ப் பக்கத்துக் காட்டுப் பாதையில் ஏறி வருகிற ஜீப், செக்போஸ்டைப் பார்க்காத ஜீப். அதை ஓட்டி வந்த சின்னராசு என்கிற இளவட்டம் அதிலிருந்து தீவன மூட்டையை இறக்கினான், கேஸ் சிலிண்டரை இறக்கினான், ஒரு கிழவியைக் கையைப் பிடித்துப் பதனமாக இறக்கிவிட்டு, அவளுடைய மருந்துப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக் கொடுத்தான். எல்லாருக்கும் கீழே கிடந்த, ஊறலுக்கான வெல்ல மூட்டைகளைக் கடைசியாக இறக்கினான். தர்மன் அவற்றைத் தோளில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான். போகிற வழியில் மாயவனைப் பார்த்தான். நிற்கவில்லை.

வீட்டுக்குள் சுவர் ஓரமாக இந்த வருஷத்துச் சாமை அடுக்கியபடியே இருந்தது. மூட்டை மேல் எலி ஓடியது. செங்கம்மாள் வெளியே வந்தாள். முன்பு சத்தியம் பண்ணினபோது நின்ற அதே பெண் என்று சொல்ல முடியாதபடி முகம் இறுகிப்போயிருந்தது.

"யக்கா, இன்னாக்கா இது?" என்றான் மாயவன். "பொண்ணு மேல சத்தியம் பண்ணியேக்கா!"

"பண்ணேன். நீ வண்டிய நிறுத்தாம வந்தாத்தான்னு சொல்லித்தான் பண்ணேன்."

"நான் இன்னா பண்ணுவேன்? என் கையில இன்னா இருக்குது?"

"என் கையில இன்னா இருக்குது? மூட்ட மூட்டயா சாம இருக்குது. இந்தா, நீயே எடுத்துக்கினு போ." அவள் அழவில்லை. "வர மாட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா மனசு வுட்டுருக்கும். வர்றேன் வர்றேன்னு சொன்ன பாரு, அத நம்பித்தான் நான் இந்த மனுசன பிடிச்சி வெச்சிக்கினு இருந்தேன். தையில காலேஜுக்குப் பணம் கட்டணும்னு திரும்ப அடுப்ப மூட்டிட்டாரு. மீனா காலேஜுக்குப் போறதே இந்த ஜீப்புலதான். யாரு கைய காட்டினாலும் அந்தப் பையன் ஏத்திக்கிறான். ஒரு பைசா கேக்க மாட்டேங்கிறான். ஒன்ன மாரியே."

ஒன்னை மாதிரியே! செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"என் தம்பி செத்தது ஒனக்குத் தெரியும்தானக்கா?"

"தெரியும்" என்றாள் செங்கம்மாள். தட்டை எடுத்து வைத்து, "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அவனால் சாப்பிட முடியவில்லை.

போலீசுக்குச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். சொன்னால் தர்மன் மறுபடி ஜெயிலுக்குப் போவான். ஜீப் நிற்கும். கிழவிக்கு மருந்து வராது, மீனா காலேஜை விட்டுவிட்டு வீட்டோடு உட்காருவாள், ஊர் இன்னும் ஒரு ஓடை தள்ளிப் போய் வேறு இடத்தில் ஊறல் போடும். சொல்லாவிட்டால் கீழே யாரோ குடிப்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் முகத்தில் சுவர்தான் இடித்தது.

வெயில் சாயத் தொடங்கியது. இனி வெள்ளிமலைக்கு நடந்தால் கடைசி பஸ் கிடைக்காது. சின்னராசு ஜீப்பைத் திருப்பி நிறுத்தினான். தர்மனும் இன்னும் இருவரும் பின்னாலிருந்து எதையோ தூக்கிவந்து கீழ்த்தட்டில் அடுக்கி, மேலே சாக்கை விரித்தார்கள்.

"அதுலயே போ தம்பி. மீனாவும் ஆஸ்டலுக்குப் போவுது" என்றாள் செங்கம்மாள். "ரோட்ல போய் இன்னாத்துக்கு நிக்கற?"

அவன் ஏறினான். வேறு என்ன செய்வான்? பின்பக்கம் ஏறிச் சாக்கின் மேல் உட்கார்ந்ததும் கீழே மெத்தென்று அமுங்கியது. சாராயம் நிரப்பி வாய் கட்டிய லாரி டியூப்கள். ரப்பர் நாற்றத்தோடு அந்த வாடையும் கசிந்தது. ராத்திரி ராத்திரி தம்பியின் சட்டையைக் கழற்றிப் போடும்போது அடித்த வாடை. மாயவன் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எங்கடா எறக்குவ?" என்று முன்பக்கம் பார்த்துக் கேட்டான்.

சின்னராசு திரும்பிச் சிரித்தான். நல்ல பையன், முகத்தில் கள்ளம் இல்லை. "உங்க ஊருதாண்ணா, கருணாபுரம். அலையவே வேணாம், உங்க வூட்டாண்டயே வுட்டுர்றேன்."

மீனா புத்தகப் பையோடு ஓடி வந்து ஒரு காலைத் தூக்கி வைத்தாள். "கொஞ்சம் தள்ளிக் குந்துங்க மாமா" என்றாள்.

மாயவன் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டான்.